கேட்டும் எழாத காலை

நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரும் முதுமையில் சாவதில்லை. விதியில் அதற்கு இடமில்லை. அறுபது முடிந்ததும் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். சாவதாக இருந்தால் டவுன்ஷிப்பை ஒட்டியுள்ள வடக்குத்து ஊரில் கட்டிய சொந்த வீட்டிலோ, மகன் வேலை பார்க்கும் நகரத்திலோ போய்ச் சாகலாம். பற்றற்று வாழ வேண்டும் என்று புத்தர் அறிவுரையாகச் சொன்னதை நாங்கள் நிலையாணையாக வைத்திருந்தோம். வீடு உன்னுடையது அல்ல, தோட்டத்துத் தென்னை உன்னுடையது அல்ல, தலைக்கு மேல் சுற்றும் விசிறியில்கூட ஓர் எண் எழுதியிருக்கும்.

அந்த நிலையாணையைக் காத்தவன் நான். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து, அதே பிரிவில் அதிகாரியாக ஓய்வுபெற்றேன். காலி செய்யும் வீட்டில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்ற பட்டியலைத் தயாரித்தவன் நான்தான். கால அவகாசம் கேட்கும் விண்ணப்பத்தின் படிவமும் என் கை பட்டதுதான். ஓய்வுபெற்ற பிறகும் சில மாதங்கள் தங்கலாம். மருத்துவக் காரணம் இருந்தால் சான்றிதழ் இணைத்து இன்னும் சில மாதங்கள் கேட்கலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம்.

என் மேசைக்கு முன்னால் நின்று அழாதவர்கள் குறைவு. தான் நட்ட பலாமரம் இந்த வருஷம்தான் காய்க்கத் தொடங்கியிருக்கிறது என்று ஒருவர் அழுதார். கணவரை இழந்த ஒரு பெண், மகளின் தேர்வு முடியும்வரை இரண்டு மாதம் வேண்டும் என்று கேட்டார். அவர் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் விதியைத் திருப்பிக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு எழுந்து, "இவ்ளோ பொறுமையா யாரும் கேட்டதில்லைங்க சார்" என்றார். அதை நான் பல வருஷம் ஒரு நற்சான்றிதழாக மனத்தில் வைத்திருந்தேன்.

ஓய்வுபெற ஓராண்டு இருக்கும்போது தியானத்துக்குப் போகத் தொடங்கினேன். இரத்த அழுத்தம்தான் காரணம், ஞானம் அல்ல. சுரங்கத்தில் கன்வேயர் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வடக்குத்தில் மாடிவீடு கட்டியிருந்தார். அவர் குடும்பமும் உறவினர்கள் சிலரும் பௌத்தம் தழுவியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறையில் பாய் விரித்து எட்டுப் பத்துப் பேர் உட்காருவார்கள். அவர் குரு இல்லை. அப்படி யாராவது சொன்னால் கிண்டல் செய்வார். தான் எங்கோ முகாமில் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை வாசிப்பார், அவ்வளவுதான்.

முறை எளிது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். இடையில் எது வந்தாலும் அதற்கு ஒரு பெயர் வைத்து விட்டுவிட வேண்டும். சத்தம் வந்தால் "கேட்டல், கேட்டல்". முட்டி வலித்தால் "வலித்தல், வலித்தல்". பின்னாலேயே போகக்கூடாது. வந்த காகிதத்தைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை எடுப்பது மாதிரி. எனக்கு இது இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. மற்றவர்கள் நெளிந்துகொண்டிருக்கும்போது நான் முக்கால் மணி நேரம் அசையாமல் இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஒரு குறிப்பை வாசித்தார். ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் இரண்டு எதிரிகள் உண்டு. தூரத்து எதிரியைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். பக்கத்து எதிரி அந்தக் குணத்தின் முகத்தையே மாட்டிக்கொண்டு வரும். சமநிலைக்கு அப்படிப் பக்கத்தில் நிற்கும் எதிரி, எதைப் பற்றியும் கவலையில்லாமல் இருப்பது. நான் பலமாகத் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த நாலைந்து பேரை நினைத்துக்கொண்டுதான் ஆட்டினேன்.

இதே வருஷத்தில்தான் என் மனைவிக்கு மறதி தொடங்கியது. அவள் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. முந்திரிக்கொட்டை உடைத்த குடும்பத்தில் பிறந்து, பதினெட்டாவது பிளாக்கில் என்னோடு இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள். முதலில் குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது. பிறகு மெயின் பஜாரில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவது என்று யாரிடமோ கேட்டிருக்கிறாள். பார்த்த டாக்டர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, இப்போதைக்கு இடத்தை மாற்றாதீர்கள், பழகிய இடம்தான் அவர்களுக்குப் பாதி நினைவு என்றார். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். சான்றிதழ் வேண்டுமானால் தருகிறேன் என்று அவராகவே சொன்னார்.

நான் வாங்கவில்லை.

இதை எழுதும்போது ஏதாவது ஒரு நியாயமான காரணத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. ஆயிரம் பேரைக் காலி செய்யச் சொன்னவன் ஒருநாள்கூட அதிகமாக ஒட்டிக்கொண்டிருக்கக்கூடாது என்று நினைத்தேன். அதற்குப் பற்றின்மை என்று பெயர் வைத்தேன். உண்மையில் அது கௌரவம். விதி தந்த மாதங்களைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் ஓய்வு. மறுநாள் காலை லாரி. வீட்டைச் சரிபார்க்க வந்த பையன் விசிறி, குழாய், சுவிட்சு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குறை என்று எழுத ஒரு வரியும் இல்லை சார் என்றான். அலுவலகத்தில் என்னை உதாரணமாகச் சொன்னார்கள். லாரியின் முன்சீட்டில் என் மனைவி மடியில் பூஜைத் தட்டை வைத்துக்கொண்டு, ஊர்த் திருவிழாவுக்குப் போகிறவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

வடக்குத்தில் கட்டிய வீட்டுக்கு வரைபட ஒப்புதல், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எல்லாம் நானே அலைந்து வாங்கியது. ஒரு காகிதத்தில் பிழை காட்ட முடியாது. ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. குவார்ட்டர்ஸில் படுக்கை அறையிலிருந்து வெளியே வந்து இடதுபக்கம் திரும்பினால் கழிப்பறை. புது வீட்டில் இடதுபக்கம் திரும்பினால் தெருவாசல். அவள் தினமும் காலையில் எழுந்து, இருபத்தாறு வருஷம் நடந்த அதே நடையில் இடதுபக்கம் போய், இரும்புக் கதவின் முன்னால் புரியாமல் நிற்பாள். சில நாள் அங்கேயே புடவை நனைந்துவிடும். அப்போது அவள் என்னைப் பார்க்க மாட்டாள். சுவரைப் பார்ப்பாள்.

மூன்றாவது வாரத்திலிருந்து அது ஆரம்பித்தது.

"வூட்டுக்குப் போலாங்க. நேரமாவுது."

இதுதான் நம் வீடு என்றேன். சரி என்று தலையாட்டினாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் வந்தாள். "போலாங்க. எவ்ளோ நேரம்தான் அடுத்தவங்க வூட்டுல குந்திகினு இருக்கிறது? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

ஒருநாளும் நான் கோபப்படவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. ஒவ்வொரு முறையும் அதே குரலில் அதே பதிலைச் சொன்னேன். பிறகு பதில் சொல்வதையும் நிறுத்தினேன், ஏனென்றால் எனக்கு ஒரு வழி தெரியும். அவள் வாயைத் திறந்ததும் மனத்துக்குள் "கேட்டல், கேட்டல்" என்று குறித்துக்கொண்டு விட்டுவிடுவேன். கரி லாரி போகும் சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி, என் மனைவி எல்லாம் ஒரே பதிவேட்டில் ஏறின. ஞாயிற்றுக்கிழமை மாடியில் இதைச் சொன்னபோது ஓரிருவர் வியந்தார்கள். மெக்கானிக் மட்டும் காதைச் சொறிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அது கத்திரி வெயில் காலம். காலை ஏழரைக்கு அவளுக்கு இட்லி கொடுத்துவிட்டு, முன்னறையில் பாய் போட்டு உட்கார்ந்தேன். மனம் மூச்சில் நன்றாக நின்றது. கொஞ்ச நேரத்தில் வளையல் சத்தம் என்னைத் தாண்டிப் போனது. கேட்டல், கேட்டல். பிறகு இரும்புக் கதவின் தாழ்ப்பாள் விழுந்த சத்தம். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். யார் திறந்தது என்றும் தெரியும். எழ வேண்டும் என்று ஓர் எண்ணம் வந்தது. நினைத்தல், நினைத்தல் என்று அதற்கும் பெயர் வைத்தேன். அது விலகிப் போனது. அன்றைக்குப் போல எண்ணங்கள் அவ்வளவு சுத்தமாக எனக்கு விலகியதே இல்லை. முக்கால் மணி நேரத்தையும் முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

கதவு திறந்து கிடந்தது. அவள் செருப்பு வாசலில் இருந்தது.

தெருவின் இரண்டு முனையும் போய்ப் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில் கேட்டேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், அவர் தன் மோட்டார் சைக்கிளில் பண்ருட்டிச் சாலைப் பக்கம் போனார். நான் என் ஸ்கூட்டரில், அடையாளம் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனேன். என்ன நிறப் புடவை என்று டீக்கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று காலை அவளுக்குப் புடவை கட்டிவிட்டதே நான்தான்.

பதினொன்றரை மணிக்குத்தான் அந்த யோசனை வந்தது. பதினெட்டாவது பிளாக்கில் என் பழைய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, இப்போது அங்கே குடியிருக்கும் பெண் வெளியே வந்தாள். கைக்குழந்தைக்காரி, இருபத்தைந்து வயது இருக்கும். வீட்டை ஒப்படைத்தபோது ஒதுக்கீட்டு உத்தரவில் அவள் கணவனின் பெயரைப் பார்த்திருக்கிறேன்.

"வந்துட்டீங்களா சார்? ஆயா உள்ளதான் இருக்காங்க. யாரையும் ஒண்ணும் கேக்கல சார், நேரா உள்ள வந்து பாத்ரூமுக்குப் போனாங்க. அப்புறம் பாத்திரம் தேய்க்க குந்திட்டாங்க. நான் வேணான்னு சொன்னேன், வேலைக்காரின்னு என்னைத் திட்றாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "காலப் பாருங்க சார்" என்றாள்.

என் மனைவி பின்கட்டில் தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்காலோடு தார்ச்சாலையில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறாள். இரண்டு உள்ளங்காலிலும் தோல் கொப்புளித்து, வலதுகாலில் கிழிந்து தொங்கியது. அந்தப் பெண் மஞ்சளும் எண்ணெயும் போட்டிருந்தாள். என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். வடக்குத்துக்கு வந்த பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் ஒருத்தியின் முகம்.

"ஆபீஸ் முடிஞ்சிருச்சா? கை கழுவிகினு வாங்க, சோறு வெக்கிறேன்."

போகலாம் என்றேன். எங்கே என்றாள். வீட்டுக்கு என்று நான் சொல்லியிருக்கக்கூடாது. அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்ப் பின்கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கெஞ்சினேன், பிறகு அதட்டினேன். அந்தப் பெண், சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் சார், எனக்கு ஒண்ணும் இல்ல என்றாள். ஒதுக்கீடு பெற்றவரின் குடும்பத்தார் தவிர மற்றவர் தங்குவது பற்றிய விதி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நிலையிலிருந்து பிரித்தேன். சுண்டுவிரலில் தொடங்கினேன். ஒன்றைப் பிரித்து அடுத்ததற்குப் போனால் முதல் விரல் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அவள் சத்தம் போடவில்லை. "வேணாங்க, வேணாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள், வெளியார் முன்னால் சண்டை வேண்டாம் என்பதுபோல.

அன்று மாலையே இரும்புக் கதவுக்குப் பூட்டு வாங்கினேன்.

கால் ஆறியதும் அவள் பகல் முழுக்கக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினாள். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிடுவாள். இவரு என்னை வுடமாட்றாருங்க, கொஞ்சம் தொறந்து வுடுங்க, என் வூட்டுல அடுப்பு எரியுது என்பாள். பழகியவர்கள் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். புதியவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பெயர் வைத்து விட முடியவில்லை. புனேவிலிருந்து மகன் தொலைபேசியில், பாண்டிச்சேரியில் நல்ல இல்லம் ஒன்று இருக்கிறது, விசாரித்துவிட்டேன் என்றான். இன்னொரு இடமா என்று கேட்டேன். அதற்கு அவன், "நீங்கதானப்பா எல்லாத்தையும் கரெக்டா செஞ்சீங்க" என்றான். அது பாராட்டு இல்லை.

அவள் வெளியேறிப் போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நடந்ததை மாடியில் சொன்னேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதையும் சொன்னேன். மெக்கானிக்தான் வாயைத் திறந்தார்.

"காதுல வுழுந்திருக்கு. யாருன்னு தெரிஞ்சிருக்கு. எழுந்திரிக்கல. இதுக்கா சார் நாங்க பாய் வாங்கிப் போட்டோம்? பெல்ட்டுல ஆளு வுழுந்தா ஓடிப்போயி நிறுத்துவோமா, மூச்ச எண்ணிகினு இருப்போமா?"

பக்கத்து எதிரி பற்றிய அந்தக் குறிப்பை அவர் வாசித்தபோது நான் தலையாட்டியது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இருந்தது.

அந்த வாரம் என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். அதே வீடு வேண்டாம், அதே மாதிரி அமைப்புள்ள ஏதாவது ஒரு வீடு, எந்த பிளாக்கில் இருந்தாலும் சரி, ஆறு மாதத்துக்குக் கிடைக்குமா என்று கேட்க. என் நாற்காலியில் நான் பயிற்சி கொடுத்த ஆள் இருந்தார். எழுந்து நின்று வரவேற்றார், டீ சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பேனாவை மூடி மேசைமேல் நேராக வைத்தார். அது என்னிடம் கற்றது. பிறகு, "சார், உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரியும். ஒருமுறை காலி செய்தவருக்கு மறுபடியும் ஒதுக்க வழியில்லை. காலி செய்வதற்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு காகிதம் போதும். விதியில் ஒரு குறையும் இல்லை. அவர்மேலும் இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவ்வளவு நேரம் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில், அவர் கண்ணில் நான் அங்கே இல்லவே இல்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. பொறுமை என்று இத்தனை வருஷம் நான் வைத்திருந்தது, தனக்கு ஒன்றும் ஆகாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் வசதி.

அதற்குப் பிறகு காலையில் பாய் போடுவதை நிறுத்திவிட்டேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவளோடு இருந்தேன். வூட்டுக்குப் போலாங்க என்றால், அங்கே என்ன வேலை இருக்கிறது என்று கேட்டேன். சொல்வாள். துணி காய்கிறது, அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழுவதற்குள் எடுக்க வேண்டும். முருங்கைக்காய் பறிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குத் தயிருக்கு உறை கொடுக்க வேண்டும். நான் அலுவலகத்தில் இருந்த இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை அந்த வாசலில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். சில நாள் எனக்குக் கோபம் வந்தது. ஒருமுறை கத்தியும் விட்டேன். பழைய அமைதியைவிட அது மோசமாக இல்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டு, படுக்கை அறைக்கு இடதுபக்கம் சுவரை உடைத்து ஒரு கழிப்பறை கட்டச் சொன்னேன். இந்த முறை யாரிடமும் ஒப்புதல் வாங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அனுமதியற்ற கட்டுமானம் அதுதான். வேலை இழுத்துக்கொண்டே போனது. முடிந்தபோது அவள் தானாக எழுந்து போவதே நின்றிருந்தது. இடதும் இல்லை, வலதும் இல்லை.

அதற்குள் கதவுக்கு வருவதும் குறைந்திருந்தது. பிறகு நின்றது. தெருக்காரர்கள் மகிழ்ச்சியோடு விசாரித்தார்கள். இப்ப பரவால்லையே, அமைதியாயிட்டாங்களே என்றார்கள். அவள் வரிசைப்படி விட்டுக்கொண்டே வந்திருந்தாள். முதலில் அன்றைய நாளை, பிறகு மகனின் பெயரை, பிறகு நான் யார் என்பதை, கடைசியாக அந்த வீட்டை. பாயில் உட்கார்ந்து நான் எட்டப் பார்த்த இடத்துக்கு அவள் ஒரு முயற்சியும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. அது அந்த இடம் இல்லை. அவள் எதையும் விடவில்லை, அவளிடமிருந்து பிடுங்கப்பட்டது. முதலில் கை வைத்தவன் நான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு பிற்பகல், நானாகப் பூட்டைத் திறந்து கதவை விரியத் தள்ளிவிட்டு, அவள் முன்னால் போய் நின்றேன்.

"வூட்டுக்குப் போலாமா?"

அவள் என்னை மரியாதையாகப் பார்த்தாள்.

"எந்த வூட்டுக்குங்க?"

செருப்பை மாட்டிவிட்டேன். ஆட்டோவில் ஏறச் சொன்னேன், ஏறினாள். பதினெட்டாவது பிளாக் போகும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் குழந்தையை இறக்கிவிட்டு ஓடிவந்து, "வாங்க ஆயா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்தாள். எப்படியும் சாயங்காலம்வரை இருக்க வேண்டியிருக்கும், கிளம்பும்போது அழுவாள், இந்த முறை அவளாக விடும்வரை காத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பையில் அவளுக்கு மாற்றுப்புடவையும் சாப்பாடும் வைத்திருந்தேன்.

என் மனைவி கூடத்தில் போட்ட நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண் கொடுத்த தண்ணீரை இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வூட்ட நல்லா வெச்சிகினு இருக்கம்மா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போகலாமா என்று கேட்டேன். உடனே எழுந்தாள். வாசலைத் தாண்டும்போது நான் நிலைப் பக்கமாகவே அவளை நடத்திச் சென்றேன், கை எட்டும் தூரத்தில், மெதுவாக. அவள் கையை நீட்டவில்லை. ஆட்டோக்காரர் இன்னும் வண்டியைத் திருப்பியிருக்கவில்லை.